கொள்ளுமா, கொள்ளாமா

எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு சுக்குக் கிடங்கு இருந்தது. மூட்டை இறக்கும் நாட்களில் தெருவே தும்மும். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான் ஒவ்வொரு பாகமாக வாங்கி என் கையாலேயே சேர்த்த கம்ப்யூட்டருக்குத்தான் அந்தக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றரை வருஷத்தில் அதற்கு மூச்சு முட்டத் தொடங்கியது.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். மகளுக்குப் பத்து மாதம். நான் காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் இருந்தேன். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் செய்யும் வேலை. பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே செய்ய அனுமதி கேட்டேன். சோதனையாக மூன்று மாதம் கொடுத்தார்கள். காலையில் ஒலிக்கோப்புகள் வரும், சாயங்காலம் ஐந்து மணிக்குள் டைப் செய்து அனுப்பிவிட வேண்டும். மூன்று தடவை நேரம் தவறினால் அனுமதி ரத்து, ஆபீசுக்கே வந்து உட்கார வேண்டும். ஆபீஸ் என்றால் ஒரு படகு, அதற்கப்புறம் இரண்டு பஸ். கணவருக்கு ஏலூரில் ஷிப்ட் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என் வீட்டுப் பக்கமும் அவர் வீட்டுப் பக்கமும் ஆள் கிடையாது. ஆக, மூன்றாவது தடவை தவறினால் வேலையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை. எனக்கு அந்த வேலை பிடிக்கும். யார் சிபாரிசும் இல்லாமல் நானே தேடிப் போய் வாங்கிய வேலை அது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் கம்ப்யூட்டர் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாக அணையத் தொடங்கியது. டாக்டர் இருதயத்தில் குழாய் விட்டுக்கொண்டிருப்பார், நடுவில் திரை கறுத்துவிடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போடுவேன். இருதயத்தில் பாதி போயிருக்கும். இப்படி முதல் தடவை நேரம் தவறியது.

காரணம் தெரியாமல் இல்லை. தோப்பும்படியில் ஆறு மாதம் ஹார்ட்வேர் படித்தவள் நான். ப்ராசசர் என்பது தீப்பெட்டியை விடச் சின்னச் சில்லு, வேலை செய்யும்போது கொதிக்கும். அதன் தலைமேல் அலுமினியத் தகடுகளும் ஒரு சின்ன மின்விசிறியும் சேர்ந்த கூலர் உட்கார்ந்து அந்தச் சூட்டை இழுத்துத் தள்ள வேண்டும். என் கூலரின் விசிறி முக்கி முனகிச் சுற்றியது. தகடுகளுக்கு நடுவில் சுக்குத் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று ஒரு புதன்கிழமை உட்கார்ந்தேன்.

அங்கேதான் சனியன் பிடித்தது. கூலரை அழுத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்று, தொட்டதும் படக்கென்று ஒடிந்து கையோடு வந்தது. கூலரை மெதுவாகத் தூக்கினால் சூடு கடத்துவதற்காக நடுவில் தடவிய, காய்ந்துபோன பசையில் ஒட்டிக்கொண்டு ப்ராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் ஊசி ஊசியாக இருக்கும் கால்களில் இரண்டு வளைந்திருந்தன. மகள் அந்தப் பக்கம் தவழ்ந்து வந்து என் பாவாடையைப் பிடித்து எழுந்து நிற்க முயன்றாள். ஒரு கையால் அவளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஊக்கை வைத்து அந்தக் கால்களை நிமிர்த்தினேன். அரை மணி நேரம் நான் மூச்சு விட்டேனா என்பதே சந்தேகம்.

ப்ராசசர் பிழைத்தது. ஒடிந்த கூலரை மூட்டை தைக்கும் சணலால் இழுத்துக் கட்டினேன். அது ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு நின்றது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். கொஞ்சம் ஓடியது. மறுநாள் காலை நான் பால் காய்ச்சப் போன இரண்டு நிமிஷத்தில் மகள் தவழ்ந்து போய்த் திறந்திருந்த பெட்டிக்குள் கரண்டியை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி விசிறியில் பட்டுத் தெறித்தது. கரண்டிக்குப் பதில் அது விரலாக இருந்திருக்கலாம். அதற்கு மேல் பெட்டியைத் திறந்து வைக்க எனக்குத் தைரியமில்லை. மூடி வைத்தால் இருபது நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அன்றைக்கு இரண்டாவது தடவையும் நேரம் தவறியது. மேற்பார்வைக்காரப் பெண் போன் செய்து, வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அடுத்த கோப்பும் தாமதமானால் என் கையில் ஒன்றுமில்லை என்று நல்ல முறையிலேயே சொன்னாள். நல்ல முறையில் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புதுக் கூலர் வாங்க வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் எல்லாக் கூலரும் எல்லா மதர்போர்டுப் பலகையிலும் உட்காராது. என்னுடையது 478 என்ற ரகம். ப்ராசசரைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று இருக்கும், கூலர் அதன் காதுகளில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குள் சந்தையில் 775 என்ற புது ரகம் வந்துவிட்டது. அதற்குச் சட்டமே கிடையாது, கூலரின் நான்கு கால்கள் பலகையில் இருக்கும் நான்கு ஓட்டைகளில் குத்திக்கொள்ளும். என் பலகையில் அந்த ஓட்டைகள் கிடையாது. கடைகளில் திரும்பிய பக்கமெல்லாம் 775.

என் கணவர் அன்றைக்குக் காலை ஷிப்ட். திரும்பும் வழியில் எர்ணாகுளத்தில் இறங்கி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார். அவர் ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்து மூன்று வருஷமாகியிருந்தது. மலையாளம் புரியும், பேசுவார், ஆனால் தமிழையே கொஞ்சம் மூக்கால் பேசினால் மலையாளம் என்று நம்புகிற ஆள். அதனாலேயே நான் காலையில் ஒரு சீட்டில் 478 என்று பெரிதாக எழுதி, இரண்டு கோடு போட்டு, சட்டைப் பையில் வைத்து அனுப்பியிருந்தேன்.

சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். கூலர் பெட்டியை பஸ்ஸிலேயே பிரித்துப் பார்த்திருந்தார், கூலரின் அடியில் இருந்த சாம்பல் நிறப் பசை அவர் கட்டைவிரலில் இருந்தது. நான் கூலரைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு கால்கள். 775.

சீட்டு எங்கே என்று கேட்டேன். சீட்டு இருந்த சட்டையைத் தொழிற்சாலையில் மாற்றியபோது அங்கேயே விட்டுவிட்டாராம். ஆனால் பலகையின் ரகத்தைக் கடைக்காரரிடம் வாயால் சொன்னாராம், இது அதில் கொள்ளுமா என்று தெளிவாகக் கேட்டாராம்.

“அவர் என்ன சொன்னார்? அதே வார்த்தையைச் சொல்லுங்க.”

“கொள்ளாம் சேட்டான்னுதான் சொன்னாரு. ரெண்டு மட்டம் கேட்டேன். ரெண்டு மட்டமும் கொள்ளாம்னாரு.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மலையாளத்தில் கொள்ளும் என்றால் பொருந்தும், உள்ளே அடங்கும். கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது. சாயா கொள்ளாம், சேலை கொள்ளாம், நேற்றுப் பார்த்த சினிமா கொள்ளாம். வாயில் பலகாரத்தை அடைத்துக்கொண்டு எங்கள் தெருக் குழந்தைகள்கூடச் சொல்லும் வார்த்தை அது. இவர் கூலர் பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் கூட்டத்துக்கு நடுவில் காதில் பாதி வாங்கிக்கொண்டு, நல்ல சாமான்தான் என்று சொல்லியிருக்கிறார். இவர் அதைப் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அன்றைக்கு நான் பேசியதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. மூன்று வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவருக்கு ஒரு கொள்ளாம் தெரியாதா, பச்சைப்பிள்ளைக்குத் தெரிந்தது தெரியாதா, இனிமேல் எந்தக் கடையிலும் வாயைத் திறக்க வேண்டாம், ஊமை போல விரலைக் காட்டுங்கள், அதுவே மேல் என்றேன். அவர் கட்டைவிரலில் இருந்த பசையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பசை பட்ட சாமானை மாற்றித் தர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கூலர் அலமாரி மேல் போய் உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை நல்லவேளையாகக் கோப்பு எதுவும் வரவில்லை. நான் இரண்டு கடைகளுக்குப் போன் செய்தேன். ஒரு கடையில் 478-க்குப் பொருந்தும் கூலர் இரண்டு இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்று பழைய மாதிரி குட்டையானது, மற்றது செம்புக் குழாய்கள் வைத்த புது மாதிரி. அந்தச் செம்புக் கூலரின் படம் என்னிடமிருந்த ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் இருந்தது. கோபுரம் போல நிமிர்ந்து நின்றது. இவ்வளவு பட்ட பிறகு மறுபடி பழைய மாதிரியே வாங்குவானேன், சூட்டுக்கே பயப்படாத ஒன்றாக வாங்கிவிடுவோம் என்று எனக்கு வீம்பு வந்தது. சாயங்காலம் அவர் வந்ததும் படத்தைக் காட்டினேன். சமாதானம் பேசுவதற்கு எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

அவர் படத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“இது கொள்ளாதுன்னுல்லா நெனக்கேன்,” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுத் தமிழில் மீன் கொள்ளாது என்றால் மீன் சரியில்லை, வாங்காதே என்று அர்த்தம். நான் நாள் முழுக்கத் தேடித் தேர்ந்தெடுத்ததை, முந்தின நாள்தான் உதவாக்கரை ஒன்றை வாங்கி வந்த மனுஷன், சரியில்லை என்கிறார்.

“கொள்ளாட்டி நீங்களே போய் நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க,” என்றேன். “போதும், இனி இதப் பத்தி ஒண்ணும் பேச வேண்டாம்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு நான் படகேறினேன். டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கப் பையில் கையை விட்டால் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் அவருடைய அளவு டேப். ஃபிட்டர்கள் இடுப்பில் செருகிக்கொள்ளும் இரும்பு டேப், நல்ல கனம். மகளுக்கு அப்போது கையில் கிடைத்ததையெல்லாம் யாருடைய பையிலாவது போடுகிற பழக்கம் வந்திருந்தது. போன வாரம்தான் என் பையில் தேங்காய்ச் சிரட்டை ஒன்றைப் போட்டிருந்தாள். இவரும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார் என்று அவர்மேலும் ஒரு முறை எரிச்சல்பட்டுவிட்டு டேப்பை உள்ளே தள்ளினேன்.

எர்ணாகுளத்தில் கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. நான் சுத்த மலையாளத்தில் கேட்டேன். 478-ல் கொள்ளுமா என்று சட்டத்தைக் கையால் வரைந்து காட்டிக் கேட்டேன். கடைக்காரர் ஒரு பழைய பலகையை எடுத்து அதன்மேல் மாட்டியே காட்டினார். கறுப்புச் சட்டத்தின் காதுகளில் கச்சிதமாக உட்கார்ந்தது.

“கொள்ளும் சேச்சி,” என்றார்.

கொள்ளும். கொள்ளாம் இல்லை, கொள்ளும். அந்த ஒரு எழுத்தைக் கேட்டதில் எனக்கு அப்படி ஒரு திருப்தி. நான் எழுதிக்கொண்டு போயிருந்த சீட்டை எடுத்து எண்களைச் சரிபார்ப்பதற்காகப் பையிலிருந்த சாமான்களை மேஜைமேல் வைத்தேன், டேப்பும் சேர்த்துத்தான். அவர் அதை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிள்ளையின் வேலை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே திரும்பப் பையில் போட்டேன். விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்று பில்லில் முத்திரை குத்திக் கொடுத்தார். பக்கத்தில் குட்டைக் கூலரும் இருந்தது. அதை நான் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சோறுகூடத் தின்னாமல் உட்கார்ந்தேன். பழைய பசையைச் சுரண்டினேன், புதுப் பசை தடவினேன், கூலரை மாட்டினேன். டக் டக்கென்று இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டது. இயக்கினேன். சூடு ஏறவே இல்லை. ஒரு மணி நேரம் ஓடியது. நான் எழுந்து நின்று இடுப்பில் கை வைத்து, பார்த்தீர்களா என்பது போல அவரைப் பார்த்தேன். அவரும் சந்தோஷமாகத்தான் தலையாட்டினார்.

பிறகு பக்கவாட்டுத் தகட்டை எடுத்து மூடப் போனேன். மூடவில்லை. கூலர் தகட்டுக்கு வெளியே இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. சாய்த்துப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன். தலைகீழாக நின்றாலும் அந்த இரண்டு விரற்கடை குறையப் போவதில்லை. நீளம் பார்த்தேன், அகலம் பார்த்தேன், சட்டம் பார்த்தேன். உயரத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. மூடாத பெட்டியை வைத்துக்கொண்டு தவழும் பிள்ளையோடு நான் திங்கட்கிழமை எப்படி டைப் செய்வேன்? அதைவிட, அவர் ஒன்றும் பேசாமல் நின்றது பொறுக்க முடியவில்லை. மனசில் இருப்பதைச் சொல்லித் தொலையுங்கள் என்று அவர்மேலேயே பாய்ந்தேன்.

“அன்னைக்கே சொன்னேம்லா,” என்றார் மெதுவாக. “கொள்ளாதுன்னு.”

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அவர் ஊரில் பைக்குள் கொள்ளாது, பானைக்குள் கொள்ளாது என்பார்கள். இடம் போதாது என்று அர்த்தம். அவர் கூலரைக் குறை சொல்லவே இல்லை. படத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்து, இந்த உயரம் இந்தப் பெட்டிக்குள் அடங்காது என்று ஒரு ஃபிட்டர் கணக்காகச் சொல்லியிருக்கிறார். அந்த அர்த்தம் எனக்குத் தெரியாததும் அல்ல. கோபத்தில் இருந்த நான் இரண்டில் எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தகட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வந்தால் அவர் முற்றத்தில் தகட்டைக் கிடத்தி ரம்பத்தால் வட்டமாக அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்து முடித்து ஓரங்களை அரத்தால் ராவினார். பிறகு அடுப்படியில் தேடி, நான் காய்கறி கழுவி வைக்கும் அலுமினியச் சல்லடைக் கிண்ணத்தை எடுத்து வந்து அந்த ஓட்டைமேல் கவிழ்த்து, நான்கு திருகாணி போட்டு முடுக்கினார். தகட்டை மாட்டினால் கூலரின் தலை கிண்ணத்துக்குள் போய் அடங்கியது. காற்று போகும், பிள்ளையின் விரல் போகாது. பார்க்கச் சகிக்கவில்லை. நெற்றியில் புடைத்த கட்டி மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை கோப்பு நான்கு மணிக்கே போய்விட்டது. அந்த மாதம் முழுவதும் ஒரு நாள்கூட அது அணையவில்லை. சோதனைக் காலம் முடிந்ததும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று எழுத்தில் வந்தது. நான் அந்தக் கடிதத்தை அவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, நல்லதாப் போச்சு என்றார்.

அதற்கும் இரண்டு வாரம் கழித்து, சுள்ளிக்கல்லில் மீன் வாங்க மூன்று பேருமாகப் போனோம். பிள்ளையை நான் வைத்திருந்தேன். அவர் முன்னால் போய் மீன்காரர் எதிரில் நின்று அயிலையை விரலால் காட்டினார். எவ்வளவு என்று கேட்டதற்கு இரண்டு விரலைக் காட்டினார். வாயைத் திறக்கவே இல்லை. மீன்காரர் அவரைப் பேச முடியாதவர் என்று நினைத்து, கையாலேயே ஜாடை காட்டிப் பதில் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாயாக்கடையிலும் மருந்துக்கடையிலும் இவர் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தார். நான்தான் கவனிக்கவில்லை. நான் சொன்னதை அவர் அப்படியே செய்துகொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சொல்லிவிட்டேன். நடந்துகொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். அன்றைக்கு நீங்கள் கொள்ளாது என்றதை நான் தப்பாக எடுத்துக்கொண்டேன், கூலர் மோசம் என்று சொல்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன், உங்களுக்கு ஒரு வார்த்தை தவறியதற்கு நான் அவ்வளவு பேசினேன், எனக்கும் அதே வார்த்தைதான் தவறியது என்றேன்.

“தெரியும்,” என்றார். “நல்லதா வாங்கிட்டு வாங்கன்னு நீ சொன்னேல்லா, அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

பிறகு ஏன் விளக்கிச் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் அப்போதும் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

“பேச வேண்டாம்னுட்டியே,” என்றார். மீன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். “அதான் டேப்ப உன் பைக்குள்ள போட்டு விட்டேன்.”